மோட்டார் வண்டியின் கரும்புகை

உடல் நிலைபெறுதற்கு உணவு எத்துணை இன்றியமையாததோ, மோட்டார் வண்டி இயங்குதற்குப் பெட்ரோலும் அத்துணை இன்றியமையாதது. ஆயின், உணவு குறைந்தால் வாடுகின்ற உடலே அது மிகுந்தால் நோயுறுகின்றது. வண்டியின் இயல்பும் அதுவே. பெட்ரோல் தீர்ந்து வழியில் நின்ற வண்டியைத் தள்ளிச் சென்றோர் நம்முள் பலர். பெட்ரோல் மிகுந்து நின்ற வண்டியைத் தள்ளியவரும் பலராதல் கூடும். எனினும் காரணம் மிகையே என்று உணர்ந்தவர் அவருள் சிலரே ஆவர். அம்மிகை எவ்வாறு உண்டாகின்றது, எம்முறையில் அதனைக் கண்டு நீக்கலாம் என்பவற்றை ஒரு பழைய ஆங்கில வண்டியை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டு விளக்க விழைகின்றேன்.

இலக்கணமும் இலக்கியமும் பயில்வானுக்கு எண்ணெய்க் கறை படிந்த இயந்திரத்தோடு என்ன தொடர்பு என்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். அத்தொடர்பு கடந்த கோடை விடுமுறையில் உண்டாயிற்று. என் பாட்டனார் வாங்கி, பின்னர் என் சிறிய தந்தையாருக்கு வந்த ஒரு மோரிஸ் மைனர் வண்டி எங்கள் வீட்டில் உளது. அதன் பெட்ரோல் பம்பு பழுதுற்றமையால், பட்டறையார் ஒருவர் அதனைக் கழற்றி, புதியதொரு மின்பம்பைப் பொருத்தித் தந்தார். அன்று தொட்டு வண்டி கரும்புகை கக்கலாயிற்று. பெட்ரோல் செலவு இருமடங்காயிற்று. வண்டியை நிறுத்திய பின்னரும் கொட்டகை முழுவதும் பெட்ரோல் நாற்றம் வீசியது. மீண்டும் பட்டறைக்குச் சென்றபோது கார்புரேட்டரின் கலவையைக் குறைத்தனர். புகை சிறிது தணிந்தது. ஆனால் வண்டி ஏற்றத்தில் திணறியது. கலவையைக் கூட்டினர், புகை திரும்பியது. இவ்வாறு மும்முறை நிகழ்ந்த பின், "எஞ்சின் தேய்ந்துவிட்டது, முழுவதும் பிரித்துப் போரிங் செய்தாலன்றிப் பயனில்லை" என்று முடிவு கூறினர். அதற்காகும் செலவைக் கேட்ட சிறிய தந்தையார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், பழைய இரும்பு விலைக்கேனும் விற்றுவிடலாம் என்றார். குற்றமற்ற எஞ்சின் ஒன்று பிறர் குற்றத்தைத் தன்மேல் ஏற்று இரும்புக் கடைக்குச் செல்லவிருந்தது. அதனைக் காத்தவர் யாவர், காத்த முறை யாது என்பன பின்னர்க் கூறப்படும். முன்னர் அவ்வண்டியின் வரலாற்றையும் அமைப்பையும் சிறிது அறிதல் வேண்டும்.

மோரிஸ் மைனர் 1948ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் ஏர்ல்ஸ் கோர்ட் என்னுமிடத்தில் நடந்த மோட்டார் கண்காட்சியில் முதன்முதல் வெளியிடப்பெற்றது. அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். 1959இல் வெளிவந்த மினி வண்டியையும் ஆக்கியவர் இவரே. ஆக்ஸ்போர்டு நகரை அடுத்த கௌலித் தொழிற்சாலையே மைனர் வண்டியின் பிறப்பிடம். 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரிட்டனில் ஒரே வகை வண்டி அவ்வெண்ணிக்கையை எட்டியது அதுவே முதன்முறை. 1971இல் உற்பத்தி நின்றபோது மொத்தத் தொகை 16 இலட்சத்தைக் கடந்திருந்தது. இலங்கைச் சாலைகளில் இவ்வண்டிகளை இன்றும் காணலாம். நம் நாட்டில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் வண்டியும் இம்மோரிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஆக்ஸ்போர்டு வண்டியின் வழித்தோன்றலே. ஆதலின், ஈண்டுக் கூறப்படும் செய்தி நமக்கு முற்றும் அயலானதன்று.

இவ்வண்டியின் கார்புரேட்டர் எஸ்.யூ. என்னும் பெயருடையது. அக்காலத்து எம்.ஜி., ஜாகுவார், மினி முதலிய ஆங்கில வண்டிகள் பலவற்றிலும் இதுவே பயின்று வந்தது. எஸ்.யூ. என்பது ஸ்கின்னர் யூனியன் என்பதன் சுருக்கம். காலணி வணிகக் குடும்பத்திற் பிறந்த ஜார்ஜ் ஹெர்பர்ட் ஸ்கின்னர் என்பார் 1905ஆம் ஆண்டளவில் இதனைக் கண்டு அமைத்தார். தொடக்கத்தில் இதனுள் தோலாலாகிய துருத்தி ஒன்று இருந்தது. குடும்பத் தொழில் கைவேலையிலும் புகுந்தது போலும்! பின்னர்த் துருத்தியின் இடத்தை உலோகப் பிஸ்டன் பெற்றது. 1926இல் வில்லியம் மோரிஸ் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கினார்.

கார்புரேட்டரின் கடமை காற்றையும் பெட்ரோலையும் தக்க அளவிற் கலத்தல். பெட்ரோல் முற்றும் எரிதற்கு, எடையளவில் அதன் ஒரு பங்கிற்குக் காற்று ஏறக்குறைய 14.7 பங்கு வேண்டும். இவ்வளவினும் பெட்ரோல் மிகுந்த கலவையைப் பட்டறையார் 'ரிச்' என்பர். குறைந்ததனை 'லீன்' என்பர். யாம் அவற்றை முறையே மிகைக் கலவை என்றும் மெலிந்த கலவை என்றும் வழங்குவோம். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போதும் வண்டியை விரைந்து செலுத்தும்போதும் சிறிது மிகை வேண்டப்படும். எப்போதும் மிகையாக ஓடுவதே நோய்.

எஸ்.யூ. கார்புரேட்டரின் நடுவில் மேலும் கீழும் இயங்கும் பிஸ்டன் ஒன்று உளது. அதன் அடியில், கீழ்நோக்கிச் செல்லச் செல்லச் சிறுத்த ஊசி ஒன்று தொங்குகின்றது. அவ்வூசி ஜெட் என்னும் சிறு குழாயின் வாய்க்குள் நுழைந்து நிற்கும். எஞ்சின் மிகுந்த காற்றை இழுக்குங்கால் பிஸ்டன் உயரும். ஊசியின் மெலிந்த பகுதி ஜெட்டின் வாய்க்கு வரும். இடைவெளி பெருகிப் பெட்ரோலும் மிகுதியாக வெளிப்படும். காற்றுக் குறையுங்கால் பிஸ்டன் தாழும், இடைவெளியும் சுருங்கும். காற்றின் வரவிற்கேற்பப் பெட்ரோலின் செலவைத் தானே அமைத்துக்கொள்ளும் இக்கருவியின் எளிமை வியத்தற்குரியது. ஜெட்டின் கீழே அறுபட்டை நட்டு ஒன்று உண்டு. அதனை மேலே திருகினால் ஜெட் உயர்ந்து கலவை மெலியும். கீழே இறக்கினால் கலவை மிகும். என் சிறிய தந்தையாரின் வண்டியில் பட்டறையார் மும்முறை திருகியது இந்நட்டையே.

ஆயின், நட்டும் ஊசியும் தம் கடனை ஆற்றுதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஜெட்டினுள் பெட்ரோலின் மட்டம் எப்பொழுதும் ஒரே நிலையில், ஜெட்டின் வாய்க்குச் சற்றுக் கீழே, நிற்றல் வேண்டும். அம்மட்டத்தைக் காப்பது பக்கத்தில் அமைந்த மிதவைக் கிண்ணம். நீர்மம் எங்கும் தன் மட்டத்தைச் சமனாக்கிக்கொள்ளுமாதலின், கிண்ணத்தின் மட்டம் எதுவோ அதுவே ஜெட்டின் மட்டமுமாம். கிண்ணத்தினுள் ஒரு மிதவை உளது. பெட்ரோல் உயர மிதவையும் உயர்ந்து, நெம்புகோல் ஒன்றினைத் தள்ளும். நெம்புகோல் ஊசி வால்வு ஒன்றினை மேலே தள்ளிப் பெட்ரோல் வரும் துளையை அடைக்கும். பெட்ரோல் செலவாகி மட்டம் தாழ்ந்தால் துளை திறக்கும். நம் வீட்டு நீர்த்தொட்டிகளில் மிதக்கும் பந்து குழாயை அடைக்கக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும்.

இனி, பம்பைப் பற்றிக் கூறுவேன். மோரிஸ் மைனரில் பெட்ரோல் தொட்டி வண்டியின் பின்புறத்தே தாழ்ந்து கிடக்கின்றது. அங்கிருந்து பெட்ரோலை இழுத்துக் கார்புரேட்டருக்கு அனுப்புவது எஞ்சின் அறையிற் பொருத்தப்பட்ட எஸ்.யூ. மின்பம்பு. அதனுள் ஒரு காந்தச் சுருளும், வளையும் சவ்வும், ஒரு சுருள்வில்லும், இரு மின்தொடுமுனைகளும் உள. தொடுமுனைகளைப் பட்டறையார் பாயிண்ட் என்பர். மின்சாரம் பாய்ந்தவுடன் காந்தம் சவ்வை இழுக்கும். சவ்வு தொட்டியிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும். இழுப்பு முடிந்த நிலையில் பாயிண்டுகள் விலகி மின்சாரம் அறும். அப்போது சுருள்வில் சவ்வை மீளத் தள்ளிப் பெட்ரோலைக் கார்புரேட்டருக்குச் செலுத்தும். மீண்டும் பாயிண்டுகள் கூடும். ஒவ்வொரு சுற்றிற்கும் 'டிக்' என்னும் ஓசை ஒன்று எழும்.

இவ்வமைப்பில் இரண்டு உண்மைகளை உற்றுநோக்குதல் வேண்டும். பெட்ரோலைத் தள்ளுவது மின்சாரமன்று, வில்லே. ஆதலின் பம்பின் அழுத்தம் வில்லின் வலிமையால் வரையறுக்கப்பட்டது என்பது முதலாவது. மிதவைக் கிண்ணம் நிரம்பித் துளை அடைபட்டவுடன், வில் தள்ள இடமின்றிச் சவ்வு அப்படியே நின்றுவிடும். ஓசையும் அடங்கும் என்பது இரண்டாவது. வாங்குவோன் 'போதும்' என்றால் கொடுப்போன் நிறுத்துகின்றான். இதனினும் சிறந்த உடன்பாடு யாதுளது?

மைனர் வண்டியின் பழைய எஸ்.யூ. பம்பின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு ஏறக்குறைய 1½ பவுண்டே. எம்.ஜி.பி. போன்ற வண்டிகளின் எஸ்.யூ. பம்பு 2.7 பவுண்டு அளவினது. பொதுவாக, இக்கார்புரேட்டர்கள் 3 பவுண்டிற்கு மேற்பட்ட அழுத்தத்தைத் தாங்குதற்கு அமைந்தனவல்ல. ஆனால் இந்நாளில் கடைகளில் பொதுப்படையாக விற்கும் மின்பம்புகளுட் பல 4 முதல் 7 பவுண்டு வரை அழுத்தம் தருவன. பெட்ரோலைத் தெளித்துச் செலுத்தும் இக்கால வண்டிகளின் பம்புகளோ 40 பவுண்டிற்கும் மேற்பட்டன. 'புதியது, வலியது, ஆதலின் நல்லது' என்று கருதி இவற்றுள் ஒன்றனைப் பழைய வண்டியிற் பொருத்துவதே பெரும்பாலும் கேட்டிற்குத் தோற்றுவாய்.

வலிய பம்பு செய்யும் கேடு யாதெனின், கூறுவேன். ஊசி வால்வைக் கீழிருந்து மேலே தாங்குவது மிதவையின் மிதப்பு விசை. மேலிருந்து கீழே தள்ளுவது பெட்ரோலின் அழுத்தம். இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. அழுத்தம் நான்கு மடங்கானால் துளையின்மேல் விழும் தள்ளுதலும் நான்கு மடங்காகும். அதனைத் தடுக்க மிதவை முன்னினும் ஆழமாகப் பெட்ரோலில் அமிழ்ந்தாக வேண்டும். அஃதாவது, கிண்ணத்தின் மட்டம் உயர்ந்தாக வேண்டும். மட்டம் உயர்ந்தால் ஜெட்டிலிருந்து பெட்ரோல் எளிதாகவும் மிகுதியாகவும் வெளிப்படும். அழுத்தம் இன்னும் மிகுமாயின் மிதவை தோற்றுப்போகும். பெட்ரோல் ஜெட்டின் வழியே எஞ்சினுட் சொரியும். கிண்ணத்தின் வடிகுழாய் வழியே வெளியேயும் ஒழுகும்.

இப்போது பட்டறையாரின் மும்முறை முயற்சி ஏன் பயன்படவில்லை என்பது விளங்கும். எஞ்சின் மெல்ல ஓடுங்கால் அதற்கு வேண்டிய பெட்ரோல் மிகச் சிறிது. ஆதலின் வலிய பம்பு துளை வழியே நுழைக்கும் மிகைப் பெட்ரோல் செலவாகாமல் கிண்ணத்திலே தேங்கி மட்டத்தை உயர்த்தும். கரும்புகை தோன்றும். அதனைக் கண்டு நட்டை மேலே திருகிக் கலவையைக் குறைத்தால், மெல்லோட்டத்தில் நோய் நீங்கியது போலத் தோன்றும். ஆயின், ஏற்றத்தில் எஞ்சின் மிகுந்த பெட்ரோலை வேண்டும்; தேங்கியது செலவாகும்; மட்டம் இறங்கும். அப்போது குறைக்கப்பட்ட நட்டின் அளவே முன்வந்து நிற்கும். கலவை அளவின்றி மெலியும். வண்டி திணறும், எஞ்சின் சூடேறும், நெடுநாள் இவ்வாறு ஓட்டினால் வெளியேற்று வால்வுகள் கருகும். சமவெளியில் மிகையும் ஏற்றத்தில் குறையுமாக இரு மாறுபட்ட நோய்கள் ஒரே வண்டியைப் பற்றும். நட்டைத் திருகுவோன் ஒன்றனைத் தீர்த்து மற்றொன்றனை வளர்ப்பான். குற்றம் நட்டிலன்று, அதற்கு மேலே உளது.

மிகைக் கலவையை அசட்டை செய்தலும் ஆகாது. எரியாத பெட்ரோல் சிலிண்டர்ச் சுவர்களில் உள்ள எண்ணெயைக் கழுவிவிடும். வழுவழுப்பின்றிப் பிஸ்டன் வளையங்கள் தேயும். கழுவிய பெட்ரோல் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும். எண்ணெய் அளக்கும் கம்பியை உருவி முகர்ந்தால் பெட்ரோல் மணப்பதும், எண்ணெயின் அளவு குறையாமல் ஏறியிருப்பதும் இதற்கு அடையாளம். இவற்றினும் கொடியது தீ. மைனர் எஞ்சினில் கார்புரேட்டரும் வெளியேற்றுக் குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக, அமைந்துள்ளன. மேலிருந்து ஒழுகும் பெட்ரோலுக்குக் கீழே காத்திருப்பது காய்ந்த இரும்பு. இதனை நினைப்பவர் பெட்ரோல் நாற்றத்தோடு வண்டியை ஓட்டத் துணியார்.

இனி, நோயைக் கண்டறியும் முறையைச் சொல்வேன். சோதனைகளைத் திறந்த வெளியில், தீயும் புகைப்பிடிப்பும் அணுகாமல், தீயணைக்கும் கருவியை அருகில் வைத்துக்கொண்டு செய்தல் வேண்டும்.

முதலாவது, கேட்டல். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புக. எஸ்.யூ. பம்பு விரைந்து சில முறை ஒலித்துப் பின்னர் அடங்குமாயின், கிண்ணம் நிரம்பித் துளை நன்கு அடைபட்டது என்று கொள்க. இடைவிட்டு இடைவிட்டு ஒலித்துக்கொண்டே இருந்தால், ஊசி வால்வின் வழியே பெட்ரோல் கசிகின்றது, அல்லது பம்பின் உள்வால்வு பழுதுற்றது. ஓயாமல் மிக விரைவாக ஒலித்தால், தொட்டி வெறுமையாதல் வேண்டும், அல்லது உறிஞ்சும் குழாயில் காற்றுப் புகுதல் வேண்டும். கார்புரேட்டர் வெளிப்படையாக வழிந்துகொண்டிருப்பினும் இவ்வோசை எழும். ஒரு காசும் செலவின்றிச் செவியாற் செய்யும் இச்சோதனைக்கு இணையில்லை.

இரண்டாவது, அளத்தல். பம்பிற்கும் கார்புரேட்டருக்கும் இடையே மும்முனை இணைப்பு ஒன்றனைப் பொருத்தி, 0 முதல் 10 பவுண்டு வரை காட்டும் சிறிய அழுத்தமானியை இணைக்க. டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் உள்ள மானி இதற்கு உதவாது. அத்துணைப் பெரிய அளவில் 1½ பவுண்டு புலப்படாது. எஞ்சின் மெல்ல ஓடும்போது ஒரு முறையும், எஞ்சின் நிற்கச் சாவி மட்டும் திருப்பியிருக்கும்போது ஒரு முறையும் அளவைக் குறிக்க. 3 பவுண்டிற்கு மேற்பட்டால், வண்டிக்குரிய பம்பை மீளப் பொருத்துக; இயலாதாயின், நல்லதோர் அழுத்தச் சீராக்கியை இடையில் அமைத்து அளவைத் தாழ்த்துக. மின்னணுப் பம்பு பொருத்துவோர் மற்றொன்றும் கருதுதல் வேண்டும். மைனர் வண்டியில் பாட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. எதிர்முனையை உடலோடு இணைக்கும் இக்கால வண்டிகளுக்கென ஆக்கிய பம்பு அதிற் கெட்டுப்போதல் கூடும்.

மூன்றாவது, கிண்ணத்தைத் திறத்தல். அழுத்தம் சரியாயிருந்தும் மட்டம் உயர்வதாயின் குற்றம் இங்கே உளது. ஊசி வால்வின் முனையில் தேய்ந்த வரம்பு ஒன்று தென்படுகிறதா, இருக்கையில் துரும்போ துருவோ சிக்கியுளதா என்று காண்க. பித்தளை மிதவையாயின் காதருகே வைத்துக் குலுக்குக. உள்ளே பெட்ரோல் சலசலக்குமாயின் அது துளையுற்று மிதக்கும் ஆற்றல் இழந்தது. நெம்புகோலின் இடைவெளியையும் அளக்க. எச்.எஸ். வகைக் கார்புரேட்டரில், மூடியைத் தலைகீழாகப் பிடித்து ஊசி அடைந்திருக்கும் நிலையில், அவ்விடைவெளி 1/8 முதல் 3/16 அங்குலம் வரை இருத்தல் வேண்டும். பிற வகைகளுக்கு அவ்வவற்றின் கைந்நூலை நோக்குக.

நான்காவது, ஜெட்டும் காற்றும். சோக் கம்பியை இழுத்தால் எஸ்.யூ. கார்புரேட்டரில் ஜெட்டே கீழே இறங்கும். கம்பியை விட்டபின் அது முற்றும் மேலே திரும்புகின்றதா என்று விரலால் தள்ளிப் பார்க்க. அரைகுறையாக நிற்கும் ஜெட் எப்போதும் சோக் இழுத்த வண்டியை ஒக்கும். பிஸ்டனை உயர்த்தி விட்டால் அது தடையின்றி இறங்கி மெல்லிய ஓசையோடு அமர்தல் வேண்டும். ஊசி ஒருபுறமாக உராய்ந்து ஜெட்டின் வாயை நீள்வட்டமாக்கியிருந்தால் இரண்டையும் ஒருங்கே மாற்றுக. காற்று வடிகட்டி புழுதியால் அடைபட்டிருப்பினும் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதனையும் தூய்மை செய்க.

ஐந்தாவதாக, இவையெல்லாம் செம்மையுற்ற பின்னரே, கலவை நட்டு. எஞ்சின் நன்கு சூடேறிய நிலையில் பிஸ்டனை ஓர் அங்குலத்தின் 1/32 பங்கு அளவே உயர்த்துக. எஞ்சினின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை மிகை. உடனே தளர்ந்து நின்றுவிடுமாயின் கலவை மெலிவு. ஒரு கணம் சிறிது கூடிப் பின்னர் முன்போல் அமைந்தால் கலவை செவ்விது. ஒரு வேளைக்கு நட்டின் ஒரு பட்டையளவே திருகி மீண்டும் சோதிக்க.

இறுதியாக ஒரு செய்தி. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பொதுப் பெட்ரோலாயிற்று. நம் நாட்டிலும் 2025இல் 20 விழுக்காடு கலந்தது பரவலாயிற்று. பழைய வண்டியின் எல்லா நோய்களுக்கும் இதுவே காரணம் என்பார் உளர். எத்தனாலில் உயிர்வளி அடங்கியிருப்பதால், ஜெட் மாறாதிருக்கும்போது கலவை சிறிது மெலியுமேயன்றி மிகாது. ஆயின், பழைய இரப்பர்க் குழாய்களையும் சவ்வுகளையும் அது கெடுக்கும். தொட்டியில் படிந்த அழுக்கைப் பெயர்த்து ஊசி வால்விற்கு அனுப்பவும் கூடும். ஆதலின், எத்தனால் மிகைக்கு நேரே காரணமன்றாயினும், அதற்கு வழி திறந்துவிடுதல் உண்டு.

இனி, எங்கள் வண்டியின் கதைக்குத் திரும்புவேன். விற்பனை உறுதியாகும் முன்னாள் மாலை, பாட்டனார் காலத்தில் அவ்வண்டியை ஓட்டிய முதியவர் ஒருவர் அதனை இறுதியாகப் பார்க்க வந்தார். சாவியைத் திருப்பினார், எஞ்சினைக் கிளப்பவில்லை. தலையைச் சாய்த்துச் சிறிது நேரம் கேட்டார். பின்னர் என்னை நோக்கி, "தம்பி, பம்பு ஓயவே இல்லையே! போதும் என்று சொல்ல உள்ளே ஆள் இல்லையா?" என்றார். பெட்டியிற் கிடந்த ஆங்கிலக் கைந்நூலை யான் எடுத்து வந்து, பம்பின் அழுத்தத்தைப் பற்றிய பகுதியைத் தமிழிற் படித்துச் சொன்னேன். மறுநாள் இரவல் வாங்கிய மானியைப் பொருத்தினோம். முள் 5 பவுண்டைக் கடந்து நின்றது. எஞ்சின் ஓடாதிருந்தும் வடிகுழாயிலிருந்து பெட்ரோல் துளித்துளியாய் வெளியேற்றுக் குழாயின்மேல் விழுந்ததைக் கண்ட சிறிய தந்தையார் கைந்நடுங்கச் சாவியைத் திருப்பி நிறுத்தினார்.

கழற்றி எறியப்பட்ட பழைய பம்பைக் கொட்டகையின் மூலையிலிருந்து தேடி எடுத்தோம். அதன் பாயிண்டுகள் கருகியிருந்தன, சவ்வு விறைத்திருந்தது. அவ்விரண்டையும் மாற்றிப் பொருத்தினோம். சாவியைத் திருப்பியவுடன் பம்பு சில முறை ஒலித்து அடங்கியது. மானி 1½ பவுண்டு காட்டியது. நீர்த்துப்போன எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்றினோம், பிளக்குகளைத் துலக்கினோம், இறுதியில் நட்டைத் திருகி அமைத்தோம். இரு நாள் ஓடிய பின் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது, கரி போன்று கறுத்திருந்த அவற்றின் முனைகள் வெளிறிய பழுப்பு நிறம் எய்தியிருந்தன. ஏற்றத்தில் வண்டி திணறவில்லை. வாங்க வந்தவரிடம் சிறிய தந்தையார், "வண்டி விலைக்கில்லை" என்று மட்டும் கூறினார்.

யான் இங்குப் பட்டறையாரை இகழ வரவில்லை. அவர் அறியாதவரல்லர், இறுதியில் தொடவேண்டியதை முதலிலே தொட்டார், அவ்வளவே. ஏட்டுச்சுவடியில் பொருள் விளங்காத சொல் ஒன்று வருங்கால், தம் கருத்திற்கேற்ப அதனைத் திருத்திவிடும் பதிப்பாசிரியர் அவ்வடியைச் செப்பம் செய்தவர் போலத் தோன்றுவர். அத்திருத்தத்தால் அடுத்த அடி பொருள் கெட்டு நிற்கும். அறிஞராயினார், அச்சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டதோ அம்மூல ஏட்டைத் தேடிச் செல்வர். இயந்திரத்தின் நெறியும் அதுவே. புகை தோன்றுமிடம் வேறு. பிழை பிறக்குமிடம் வேறு. தொட்டியிலிருந்து பெட்ரோல் வரும் வழியே நாமும் வரவேண்டும். முன்னர் அழுத்தம், அடுத்து மட்டம், இறுதியிற் கலவை; இவ்வரிசை பிறழாது நோக்குவார்க்குப் பழைய வண்டி தன் குறையைத் தானே எடுத்துரைக்கும். கொட்டகையில் இன்றும் மாலைதோறும் அப்பழைய பம்பு சில முறை ஒலித்து அடங்குகின்றது. அவ்வடக்கத்தைக் கேட்ட பின்னரே என் சிறிய தந்தையார் எஞ்சினைக் கிளப்புகின்றார்.